படிவம் எங்கே சறுக்குகிறது: மொபைல் திரைக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

"பயனருக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை" என்று உதவி மையப் பதிவேட்டில் எழுதிவைப்பது, நோயாளியின் சீட்டில் "உடம்பு சரியில்லை" என்று எழுதுவதைப் போன்றது. பொய்யில்லை, ஆனால் மருந்து கொடுக்க உதவாது. கட்டணம் கட்டுவது, சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, கணக்கு திறப்பது போன்ற வேலைகளுக்காக மொபைலில் நிரப்பும் தமிழ்ப் படிவங்களில் அடிக்கடி வரும் புகார்களையும், ஒவ்வொன்றிலும் எதை முதலில் சோதிப்பது என்பதையும் இங்கே தருகிறோம். வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் புகார் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

தொடங்கும் முன்: கை தவறியதா, புரிதல் தவறியதா?

பயனர் செய்யும் பிழைகளை வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் நார்மன் இரண்டாகப் பிரித்தார். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் கை வேறு இடத்தில் பட்டுவிடுவது ஒன்று. திரையைத் தப்பாகப் புரிந்துகொண்டு, அந்தப் புரிதலின்படி "சரியாக" நடந்துகொள்வது இன்னொன்று. முதலாவதுக்கு மருந்து இடைவெளி, அளவு, திரும்பப் பெறும் வசதி. இரண்டாவதுக்கு மருந்து சொல், வரிசை, தோற்றம். இரண்டையும் குழப்பிக்கொண்டால், புரியாத பட்டனைப் பெரிதாக்குவீர்கள், சின்ன பட்டனுக்கு விளக்கம் எழுதுவீர்கள். வேலைதான் மிச்சம்.

எது என்று கண்டுபிடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதைவிட நல்ல வழி கிடையாது. படிவத்தை உண்மையில் நிரப்பப்போகிற வகை ஆட்கள் 5 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். வேலையை மட்டும் சொல்லுங்கள்: "உங்க அம்மா பேர்ல ஒரு விண்ணப்பம் போடுங்க." அதற்குமேல் வாயைத் திறக்காதீர்கள், திரையைக் கை காட்டாதீர்கள். தப்பாக ஒன்றைத் தட்டியதும் ஒரே கேள்வி: "இதைத் தட்டினா என்ன ஆகும்னு நினைச்சீங்க?" "அடடா, கை பட்டுடுச்சு" என்றால் முதல் வகை. "இதுதானே அனுப்புற பட்டன்?" என்றால் இரண்டாவது.

ஏன் 5 பேர்? ஒரு சிக்கலில் ஒருவர் மாட்டும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று வைத்தால், 5 பேரில் ஒருவராவது அதில் மாட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 85 சதவீதம். பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கு இது. 5 பேரும் ஒரே மாதிரி பயனர்களாக இருந்தால்தான் இது பொருந்தும். விவசாயியும் இ-சேவை மைய ஊழியரும் ஒரே படிவத்தை நிரப்புகிறார்கள் என்றால் இரு தரப்பிலும் தலா 5 பேர் வேண்டும். ஃபோன் அவர்களுடையதாக இருக்கட்டும். கீறல் விழுந்த திரை, குறைத்து வைத்த வெளிச்சம், பெரிதாக்கிய எழுத்து எல்லாம் சோதனையின் பகுதிதான்.

"ஒரே விண்ணப்பம் இரண்டு தடவை வந்திருக்கிறது"

பட்டனைத் தட்டினார், ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி தட்டினார். மின்விசிறி சுவிட்ச் ஆனாலும் எவரும் இதைத்தான் செய்வார். பட்டன் பேசாமல் இருந்ததுதான் கோளாறு.

மனிதன் காத்திருப்பதற்கான எல்லைகள் பல பத்தாண்டுகளாகத் தெரிந்தவை. கணினியின் பதில் நேரத்தைப் பற்றி ராபர்ட் மில்லர் 1968-இல் எழுதினார், நீல்சன் 1993-இல் எல்லோருக்கும் நினைவிருக்கும்படி சுருக்கினார். 0.1 நொடிக்குள் மாற்றம் தெரிந்தால் "நான் தொட்டேன், நடந்தது" என்ற உணர்வு வரும். 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடி தாண்டினால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

1. குரோம் பிரவுசரோடு வரும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் வேகத்தை 3ஜி அளவுக்குக் குறையுங்கள். அலுவலக வைஃபையில் இந்தக் கோளாறு ஒருபோதும் தெரியாது.

2. "அனுப்பு" பட்டனைத் தட்டிப் பாருங்கள். உடனே நிறமோ எழுத்தோ மாற வேண்டும். சர்வரிலிருந்து பதில் வந்த பிறகுதான் மாறுகிறது என்றால் காரணம் அகப்பட்டுவிட்டது. மாற்றத்தைத் தொடுகையோடு இணையுங்கள், பதிலோடு இணைக்காதீர்கள்.

3. பட்டனின் எழுத்தை "அனுப்புகிறோம்…" என்று மாற்றி, மேற்கொண்டு தட்ட முடியாதபடி செய்யுங்கள். அகலம் மாறக் கூடாது. மாறினால் பக்கத்தில் இருப்பவை குதிக்கும்.

4. இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். போதாது. பக்கத்தைப் புதுப்பிக்கலாம், பின்னால் போய் வரலாம், பிரவுசரே மறுபடி அனுப்பலாம். படிவம் திறக்கும்போதே சர்வர் ஒரு தனி எண் கொடுக்கட்டும். அனுப்பும்போது அந்த எண்ணும் கூடவே போகட்டும். அதே எண்ணோடு இரண்டாவது கோரிக்கை வந்தால் புதுப் பதிவு போடாமல் முதல் பதிலையே திருப்பித் தர வேண்டும். ஏபிஐ (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இடைமுகம்) ஆவணங்களில் ஐடெம்பொட்டன்சி கீ என்று இருப்பது இதுதான்.

5. வெற்றிகரமாக முடிந்ததும் வேறு முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். அதே பக்கத்தில் "நன்றி" காட்டினால், புதுப்பிக்கும்போது படிவம் மறுபடி போகும்.

பணம் கட்டும் திரையில் இன்னொரு சிக்கல் உண்டு. வங்கியிடமிருந்து பதில் வரவில்லை என்பதும் பணம் போகவில்லை என்பதும் ஒன்றல்ல. "பரிவர்த்தனை தோல்வி. மீண்டும் முயலவும்" என்று போடுகிற இடத்தில்தான் மக்கள் இரண்டு தடவை பணம் கட்டுகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்: "பணம் வந்து சேர்ந்ததா என்று வங்கியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இப்போது மறுபடி கட்ட வேண்டாம். முடிவு தெரிந்ததும் குறுஞ்செய்தி வரும்." கூடவே பரிவர்த்தனை எண். அந்தத் திரையில் "பணம் செலுத்து" பட்டன் இருக்கவே கூடாது. செய்தியைப் படிக்காதவர்களும் இருப்பார்கள், பட்டனைப் பார்த்தால் தட்டுவார்கள்.

"வேறு பட்டன் தட்டுப்பட்டுவிடுகிறது"

உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் சொன்ன விதி இங்கே ஆட்சி செய்கிறது: இலக்கு சிறிதாகவும் தூரமாகவும் இருந்தால் தொட நேரம் கூடும், அவசரப்பட்டால் குறி தவறும். ஆண்ட்ராய்டுக்கு கூகுள் சொல்லும் அளவு 48 டிபி, திரையில் சுமார் 9 மில்லிமீட்டர். ஆப்பிள் 44 பாயிண்ட் என்கிறது. மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்கான டபிள்யூசிஏஜி 2.2 விதிகள் ஏஏ என்ற நடு நிலைக்கு 24 பிக்செலைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கின்றன. அந்த 24 சட்டத்துக்குத் தப்பிக்க உதவும், பெருவிரலுக்கு உதவாது. ஐகான் 24 பிக்செலில் இருக்கட்டும், அதைச் சுற்றி 12 பிக்செல் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்தால் தொடுபரப்பு 48 ஆகிவிடும், தோற்றமும் மாறாது.

அளவெல்லாம் சரியாக இருந்தும் தவறான தட்டு வருகிறதா? பக்கம் குதிக்கிறதா என்று பாருங்கள். "அடுத்து" பட்டனை நோக்கி விரல் இறங்கும் நேரத்தில் மேலே ஒரு அறிவிப்புப் பட்டை ஏறி வந்து எல்லாவற்றையும் கீழே தள்ளும், விரல் "ரத்து" மேல் விழும். கூகுளின் சிஎல்எஸ் (பக்க அமைப்பு எவ்வளவு நகர்கிறது என்ற கணக்கு) அளவீடு இதைத்தான் அளக்கிறது. 0.1-க்குள் இருந்தால் நலம். படங்களுக்கு அகலம் உயரம் இரண்டும் எழுதுங்கள். பிறகு வரப்போகும் பட்டைக்கு இடத்தை முன்பே ஒதுக்கிவையுங்கள்.

இன்னொரு மூல காரணம் உறுதிகேட்கும் பெட்டி. இந்த ஒன்றை நெருங்கிப் பார்ப்போம். கேள்வி: "விண்ணப்பத்தை ரத்து செய்யவா?" கீழே இரண்டு பட்டன்: "ரத்து", "சரி". "ரத்து" தட்டினால் விண்ணப்பம் ரத்தாகுமா, ரத்து செய்வது ரத்தாகுமா? நிரல் கட்டமைப்போடு (ஃபிரேம்வொர்க்) தானாக வந்த பட்டன் எழுத்தை அப்படியே மொழிபெயர்த்ததன் விளைவு இது. பட்டனில் விளைவை எழுதுங்கள்: "விண்ணப்பத்தை நீக்கு", "வேண்டாம், இருக்கட்டும்". கேள்வியைப் படிக்காமல் பட்டனை மட்டும் படிப்பவருக்கும் புரிய வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர் அப்படித்தான் படிக்கிறார்கள். திரும்பப் பெறக்கூடிய செயலானால் கேள்வியே வேண்டாம். செய்துவிட்டு "நீக்கப்பட்டது. திரும்பக் கொண்டுவா" என்று சில நொடி காட்டுங்கள்.

"பெயரை ஏற்க மறுக்கிறது"

முதலில் தரவுத்தளத்தைத் திறந்து, கடைசிப் பெயர் என்ற நெடுவரிசையில் எந்த மதிப்பு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். வெறும் புள்ளி, சிறுகோடு, ஒற்றை எழுத்து, முதல் பெயரே மறுபடி என்று குவிந்திருந்தால் சோதனை முடிந்தது. தமிழ்நாட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரின் முன்னெழுத்துதான் உண்டு. இரண்டு கட்டத்தையும் கட்டாயமாக்கினால் ஆளுக்கு ஒரு விதமாக எதையாவது இட்டு நிரப்புவார்கள். பிறகு அடையாள ஆவணத்தோடு ஒப்பிடும்போது எதுவும் பொருந்தாது.

"முழுப் பெயர், ஆவணத்தில் உள்ளபடி" என்று ஒரே கட்டம் போதும். பின்னால் இருக்கும் வேறு அமைப்பு இரண்டாகக் கேட்டால் அதைப் பிரிக்கும் பாரத்தை உங்கள் நிரல் சுமக்கட்டும்.

அப்படியும் மறுத்தால் சரிபார்ப்பு விதியைப் பாருங்கள். குறைந்தது 2 எழுத்து என்றால் முன்னெழுத்து மாட்டும். புள்ளிக்கும் இடைவெளிக்கும் தடை இருந்தால் "எஸ். ஏ." மாட்டும். "யூனிகோடு எழுத்து எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டோம், ஆனாலும் தமிழ்ப் பெயரை மறுக்கிறது" என்ற விசித்திரமும் உண்டு. காரணம் இதுதான்: உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் "லெட்டர்" வகை வேறு, "மார்க்" வகை வேறு. உயிர்மெய்யின் கால், கொம்பு, விசிறி, மெய்யின் புள்ளி எல்லாம் மார்க். லெட்டரை மட்டும் அனுமதித்தால் "ரமண" தேறும், "மீனா" தேறாது. இரண்டு வகையையும் அனுமதியுங்கள். சோதிக்க ஒரே பெயர் போதும்: "இரா. ஜெயகௌரி". இரண்டெழுத்து முன்னெழுத்து, புள்ளி, இடைவெளி, ஒற்றைக் கொம்பு, ஔகாரம் என்று வில்லங்கம் எல்லாம் அதில் இருக்கிறது.

"இன்னும் இடம் இருக்கிறது, ஆனால் எழுத விடமாட்டேன் என்கிறது"

"தமிழ்" என்பது கண்ணுக்கு 3 எழுத்து. பிரவுசரில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் நீளக் கணக்கில் 5, ஏனென்றால் அது விசிறியையும் புள்ளியையும் தனிக் குறியீடாக எண்ணும். யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 15 பைட். திரையில் "அதிகபட்சம் 20 எழுத்து" என்று எழுதிவிட்டு உள்ளே 20 குறியீடு என்று எண்ணினால், பயனர் 12 எழுத்தில் முட்டி நிற்பார். நிரல் பைட்டை எண்ணினால் நிலைமை இன்னும் மோசம்.

பிரவுசரில் உள்ள, எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி பிரிக்கும் இன்ட்ல் செக்மென்டர் கொண்டு எண்ணினால் "தமிழ்" 3 என்றே வரும். "ஸ்ரீ", "க்ஷ" இரண்டும் தலா 2 என்று வரும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிரவுசர் எண்ணும் முறையும் சர்வர் எண்ணும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். வரம்பு எதற்கு என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பாதி வரம்புகளுக்குக் காரணம் யாருக்கும் தெரியாது.

வெட்டும் இடத்திலும் இதே கோளாறு வரும். நீண்ட தலைப்பைக் குறியீட்டு எண்ணிக்கையில் வெட்டினால் "பக்கம்" என்பது "பக்கம" ஆகும். எழுத்து எழுத்தாக வந்து விழும் அனிமேஷன்களில், புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் மேல் கொம்பும் காலும் தனியாகத் தொங்குவதும் இதனால்தான்.

குறுஞ்செய்தி அனுப்பும் அமைப்பாக இருந்தால் இன்னொரு கணக்கு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழ் கலந்தால் 70 மட்டும். அதைத் தாண்டிப் பல துண்டாகப் போகும்போது துண்டுக்கு 67. புள்ளியும் கொம்பும் இதில் தனித்தனி இடம். ஓடிபி எண்ணைச் செய்தியின் முதலிலேயே வையுங்கள். அறிவிப்புப் பட்டையில் முதல் சில சொற்கள்தான் தெரியும்.

"தேடினால் வரவில்லை, ஆனால் பட்டியலில் இருக்கிறது"

கௌரி. கெளரி. இரண்டையும் திரையில் பார்த்தால் பெரும்பாலான எழுத்துருக்களில் வித்தியாசம் தெரியாது. முதலாவதில் ஔகாரக் குறி, இரண்டாவதில் ஒற்றைக் கொம்பும் "ள" என்ற எழுத்தும். இரண்டாவது விதமாகத் தட்டுகிறவர்கள் ஏராளம். கணினிக்கு இவை இரண்டு வேறு சொற்கள்.

"கொ" போன்ற எழுத்துகளில் இருப்பது வேறு சிக்கல். ஒரே குறியாகவும் வரலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் வரலாம். இதை யூனிகோடே சமமானது என்று ஒப்புக்கொள்கிறது. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் என்எஃப்சி முறையில் (சமமான வடிவங்களை ஒரே வடிவமாக்கும் யூனிகோடு விதி) ஒழுங்குபடுத்தினால் தீர்ந்தது. கௌ/கெள சிக்கல் அதில் தீராது, தனி விதி வேண்டும்: ஒற்றைக் கொம்புக்குப் பின் "ள" வந்து, அந்த "ள" மேல் வேறு குறி எதுவும் இல்லாவிட்டால், தேடலுக்கென வைக்கும் நகலில் அதை ஔகாரமாக எண்ணிக்கொள்ளுங்கள். "தெளிவு", "கெளுத்தி" இவற்றில் ளகரத்தோடு குறி இருப்பதால் தப்பித்துவிடும். ஔவை/ஒளவைக்கும் இதே விதி. இதைத் தேடலுக்கான நகலில் மட்டும் செய்யுங்கள், பயனர் எழுதிய மூலப் பெயரில் கை வைக்காதீர்கள்.

பழைய கோப்புகளிலிருந்து ஒட்டும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை வந்தால், அது பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டியது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் அப்படிப்பட்ட கோப்புகள் இன்னும் நிறைய. "தவறான உள்ளீடு" என்று விரட்டாமல், "இது பழைய எழுத்துருவில் இருப்பதுபோல் தெரிகிறது, யூனிகோடுக்கு மாற்றவா?" என்று கேட்கலாம்.

ர/ற, ல/ள/ழ, ந/ன/ண குழப்பங்களுக்கும் தேடலில் இடம் கொடுங்கள். ஆனால் சரியான எழுத்தில் கிடைத்ததை மேலே வைத்துவிட்டு, நெருங்கியவற்றைக் கீழே காட்டுங்கள்.

"எழுத்து வெட்டுப்படுகிறது, பட்டனுக்கு வெளியே வழிகிறது"

தமிழுக்கு வரி உயரம் கூடுதலாக வேண்டும். மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகர, ஊகாரச் சுழிகளும் உண்டு. ஆங்கிலத்துக்குப் பொருந்தும் 1.2 வரி உயரத்தில் "கீ", "சூ" வெட்டுப்படும். 1.5 முதல் 1.7 வரை வையுங்கள். பட்டனுக்கு நிலையான உயரம் கொடுக்காமல் குறைந்தபட்ச உயரம் கொடுங்கள். "சமர்ப்பிக்கவும்" உடைக்க முடியாத ஒற்றைச் சொல், 320 பிக்செல் திரையில் இரண்டு பட்டன் பக்கத்தில் பக்கத்தில் நிற்காது. ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள், அல்லது "அனுப்பு" என்று எழுதுங்கள். அதில் இடமும் மிச்சம், புரிதலும் எளிது.

சாய்வெழுத்தைத் தமிழில் தவிர்த்துவிடுங்கள். எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாவிட்டால் பிரவுசர் தானே தடிப்பாக்கும், அப்போது "ணை", "ழ" போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற, பல எடைகள் (தடிமன்கள்) உள்ள எழுத்துருவை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். எழுத்துருப் பட்டியலில் ரோபோட்டோ மட்டும் இருந்தால் அதில் தமிழ் கிடையாது, ஃபோனில் எது இருக்கிறதோ அது வரும்.

ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். அந்த அளவில் ஒவ்வொரு திரையையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். வயதானவர்களின் புகாரில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

ரசீது பிடிஎஃபில் மட்டும் "கெ" என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? பிடிஎஃப் உருவாக்கும் நூலகத்துக்குத் தமிழ் எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கத் தெரியவில்லை. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நிரல் இணைந்த நூலகத்துக்கு மாறுங்கள், அல்லது குரோமையே பின்னணியில் ஓடவிட்டு அதன் அச்சு வசதியில் பிடிஎஃப் எடுங்கள்.

"பிழை என்கிறது, என்ன பிழை என்று சொல்லவில்லை"

பெரும்பாலும் இது பிழையே இல்லை, பிடிவாதம். ஆதார் எண்ணின் 12 இலக்கங்கள் அட்டையில் நான்கு நான்காக அச்சாகியிருக்கின்றன. பார்த்துத் தட்டுகிறவர் இடைவெளியோடுதான் தட்டுவார். "12 இலக்கம் மட்டும்" என்று மறுக்காமல் இடைவெளியை நீக்கிக்கொள்ளுங்கள். மொபைல் எண்ணின் முன்னால் 0, +91, நடுவில் சிறுகோடு எல்லாம் அப்படியே. வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இடம், ஐந்தாவது எப்போதும் சுழியம். அங்கே யாராவது ஆங்கில ஓ தட்டியிருந்தால் நீங்களே சுழியமாக்கலாம், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

எண் கேட்கும் கட்டத்துக்கு "நம்பர்" வகை போடாதீர்கள். கணக்கு எண்ணின் முன்னால் உள்ள சுழியங்கள் காணாமல் போகலாம், கணினியில் சுட்டியின் சக்கரம் உருண்டால் மதிப்பே மாறிவிடலாம். "டெக்ஸ்ட்" வகையில், எந்த விசைப்பலகை வர வேண்டும் என்று சொல்லும் இன்புட்மோடை "நியூமெரிக்" என்று வையுங்கள். எண் விசைப்பலகை வரும், வில்லங்கம் வராது. ஐபோன் சஃபாரியில் கட்டத்தின் எழுத்து 16 பிக்செலுக்குக் கீழே இருந்தால் தொட்டதும் திரை தானாகப் பெரிதாகும், பயனர் தொலைந்துபோவார்.

பிறந்த தேதிக்கு நாட்காட்டி வைத்திருந்தால் ஒரு கணக்குப் போடுங்கள். 60 வயதுக்காரர் மாதம் மாதமாகப் பின்னால் போக 720 தட்டு. ஆண்டின்மேல் தட்டினால் பட்டியல் திறக்கும் என்பது தயாரித்தவருக்கு மட்டும் தெரியும். நாள், மாதம், ஆண்டு என மூன்று கட்டம் போடுங்கள். நாட்காட்டி வரும் மாதத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கத்தான் நல்லது.

உண்மையான பிழை வந்தால், செய்தி அந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே இருக்கட்டும். மேலே இருந்தால் விசைப்பலகை திறந்திருக்கும் பாதித் திரையில் தெரியாது. கட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு சரிபாருங்கள், இரண்டு இலக்கம் தட்டும்போதே சிவப்பு காட்டி மிரட்டாதீர்கள். "அஞ்சல் குறியீடு 6 இலக்கம் இருக்க வேண்டும், நீங்கள் தட்டியது 5" என்பது செய்தி. "செல்லாத உள்ளீடு" என்பது செய்தியல்ல. பிழை வந்ததற்காகப் படிவத்தைக் காலியாக்கினால், அந்த ஆள் திரும்ப வரமாட்டார்.

கட்டத்துக்குள்ளேயே சாம்பல் நிறத்தில் "மொபைல் எண்" என்று எழுதி, அதையே தலைப்பாக வைத்திருக்கிறீர்களா? தட்டத் தொடங்கியதும் அது மறையும். பாதியில் ஃபோன் அழைப்பு வந்து திரும்பினால் எந்தக் கட்டத்தில் எது என்று தெரியாது. தலைப்பு கட்டத்துக்கு மேலே நிற்கட்டும்.

"ஓடிபி வந்தது, போடுவதற்குள் பக்கம் போய்விட்டது"

குறைந்த ரேம் உள்ள ஃபோனில் குறுஞ்செய்தி ஆப்புக்குப் போய்த் திரும்பினால் பிரவுசர் பக்கத்தை மறுபடி ஏற்றும். நிரப்பியதெல்லாம் போகும். ஒவ்வொரு கட்டத்தையும் முடித்ததும் வரைவாகச் சேமியுங்கள், ஓடிபி நிலையைச் சர்வரில் வையுங்கள். கட்டத்துக்கு ஆட்டோகம்ப்ளீட் (தானாக நிரப்பும் பண்பு) மதிப்பாக "ஒன்-டைம்-கோடு" என்று கொடுத்தால் ஐபோன் விசைப்பலகையின் மேலேயே எண்ணைக் காட்டும், ஆப்பை மாற்றத் தேவையே வராது. ஆறு தனித்தனிச் சதுரங்கள் அழகாக இருக்கலாம், ஆனால் பலவற்றில் ஒட்டினால் முதல் இலக்கம் மட்டும் விழுகிறது. ஒரே கட்டம் வைத்து எழுத்து இடைவெளியை அதிகமாக்கினால் அதே தோற்றம் கிடைக்கும். ஒட்டுவதைத் தடை செய்வதில் பாதுகாப்பு எதுவும் கூடுவதில்லை.

"வெயிலில் ஒன்றும் தெரியவில்லை"

பின்னணியோடு ஒப்பிட்ட நிற வேறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 இருக்க வேண்டும். வெள்ளையில் #999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் 2.85 தான் தரும், தேறாது. #767676 மயிரிழையில் தேறும். பஸ் நிறுத்தத்தில் படிக்க வேண்டிய எழுத்தென்றால் #595959-க்கு இறங்குங்கள், 7:1 கிடைக்கும். சிவப்பு, பச்சை நிறத்தை மட்டும் வைத்து நிலையைச் சொல்லாதீர்கள், கூடவே சொல்லும் எழுதுங்கள்.

"பட்டன் இருக்கிறது, யாரும் தட்டுவதில்லை"

பட்டன் போலத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். கோடும் நிழலும் இல்லாத வெறும் எழுத்தைப் பலர் தலைப்பு என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். அடுத்து, திரையின் விளிம்போடு உள்ளடக்கம் கச்சிதமாக முடிந்துவிடுகிறதா? முடிந்தால் கீழே இன்னும் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. ஏதாவது ஒன்று பாதி தெரியும்படி விடுங்கள். விளம்பரம் போல வண்ணப் பட்டைக்குள் வைத்ததைக் கண் தானாகவே தாண்டிப் போகும். தலைப்பு இல்லாத ஐகான்களில் வீடும் பூதக்கண்ணாடியும் தேறும், மற்றதற்குக் கீழே சொல் எழுதுங்கள்.

கண் தெரியாதவர்களிடமிருந்து இதே புகார் வந்தால், பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலம் என்று இருந்தால், திரையை வாசித்துக்காட்டும் டாக்பேக் ஆங்கிலக் குரலில் தடுமாறும், அல்லது விட்டுவிடும்.

"அனுப்பிவிட்டார், ஆனாலும் ஃபோன் செய்து கேட்கிறார்"

"வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது" என்ற ஒரு வரியோடு திரை முடிந்தால் இந்த அழைப்பு வரத்தான் செய்யும். அவருக்குத் தெரிய வேண்டியவை: விண்ணப்ப எண் என்ன, அடுத்து யார் என்ன செய்வார்கள், எத்தனை நாளில், அதற்குள் அவர் ஏதாவது செய்ய வேண்டுமா, எங்கே பார்த்துக்கொள்வது. விண்ணப்ப எண்ணை நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுங்கள், தொட்டால் நகலாகட்டும், குறுஞ்செய்தியிலும் போகட்டும். எண்ணில் ஆங்கில எழுத்து சேர்ப்பதானால் ஓ, ஐ, எல் மூன்றையும் விட்டுவிடுங்கள், ஃபோனில் வாசித்துக்காட்டும்போது 0, 1 என்று மாறிப்போகும். பலர் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதனால் எண், பெயர், தேதி மூன்றும் உருட்டாமல் ஒரே திரையில் தெரியும்படி வையுங்கள்.